குடத்துக்குள் விளக்கு, குன்றின்மேல் கூலூம்

பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைத் திறந்தவுடன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமி சார்ல்ஸ் அகஸ்டின் டி கூலூம். அவர் பெயரிலுள்ள விதியை மூச்சு விடாமல் ஒப்பித்தால் இரண்டு மதிப்பெண். பெரும்பாலோருக்கு அவருடனான உறவு அந்த இரண்டு மதிப்பெண்ணோடு சுமுகமாக முறிந்துவிடுகிறது.

விதி என்னவோ எளிமையானதுதான். மின்னூட்டம் ஏறிய இரண்டு சிறு உருண்டைகள். ஒன்றின் மின்னூட்டத்தை இரட்டிப்பாக்கினால் விசையும் இரட்டிப்பாகும். இரண்டினுடையதையும் இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்கு. தூரத்தை இரட்டிப்பாக்கினால் விசை கால் பங்காக இளைத்துவிடும். மூன்று மடங்கு தள்ளி வைத்தால் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரே இனம் விலக்கும், வேறு இனம் இழுக்கும். ‘கிட்ட இருந்தால் முட்டப் பகை’ என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதையேதான். எத்தனை மடங்கு பகை என்பதை மட்டும் அவர்கள் கணக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கணக்கைப் போட ஐரோப்பாவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதி தேவைப்பட்டது. ஒரு சாயக்காரர், சோடா தயாரித்த ஒரு பாதிரியார், பெண்களைக் கண்டால் ஓடிய ஒரு கோடீஸ்வரர், சிறைக்குப் போன ஓர் இன்ஜினியர் என்று பலபேர் இதில் கை வைத்தார்கள். விதியை முதலில் கண்டுபிடித்தவர் கூலூம் இல்லை என்பதுதான் கதையின் கிளைமாக்ஸ். அதை முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டேன். இனி நிதானமாகப் போகலாம்.

தேய்த்தவர்கள்

கி.மு. 600 வாக்கில் மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ், அம்பரைத் துணியில் தேய்த்தால் அது துரும்பை இழுக்கிறது என்று கண்டதாகச் சொல்வார்கள். அம்பர் என்பது மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து கல்லாகிப்போன மரப்பிசின். கிரேக்கர்கள் அதற்கு வைத்த பெயர் எலெக்ட்ரான். இப்படிப் பிரமாதமாகத் துவங்கிய துறையில் அடுத்த 2,200 ஆண்டுகளுக்குக் குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை. தேய்த்தார்கள், துரும்பு வந்தது, சாப்பிடப் போனார்கள்.

1600-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கில்பர்ட், காந்தத்தைப் பற்றி லத்தீனில் ஒரு பெரிய புத்தகம் போட்டார். எலிசபெத் ராணிக்கு நாடி பார்க்கும் வேலை அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. அதற்குள் செய்து முடித்த வேலை இது. பூண்டு தடவினால் காந்தத்தின் சக்தி போய்விடும் என்று அதுவரை படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பொய் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அம்பர் மட்டுமில்லை, கண்ணாடி, கந்தகம், அரக்கு எல்லாமே தேய்த்தால் இழுக்கும் என்று பட்டியலும் போட்டார். ஆனால் மின்சாரம் இழுக்கத்தான் செய்யும், தள்ளாது என்று உறுதியாக இருந்துவிட்டார். பாதி விதி அங்கேயே போயிற்று.

விட்ட பாதியைப் பிடித்தவர் மாக்டபர்க் மேயர் ஓட்டோ வான் கெரிக்கே. காற்றை உறிஞ்சிய இரண்டு அரைக்கோளங்களைக் குதிரைகளைக் கட்டி இழுக்க வைத்தாரே, அவரேதான். குழந்தையின் தலை அளவுக்கு ஒரு கந்தக உருண்டை செய்து, அச்சில் பொருத்திச் சுழற்றி, உள்ளங்கையால் தேய்த்தார். இறகு ஓடி வந்து உருண்டையைத் தொட்டது. தொட்டதும் பதறி விலகியது. அதன்பிறகு உருண்டையைத் தூக்கிக்கொண்டு அறையெங்கும் இறகைத் துரத்தலாம். அது கிட்டவே வராது. நகரத்தின் முதல் குடிமகன் கந்தக உருண்டையோடு இறகைத் துரத்திக்கொண்டு ஓடும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குடிதண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்க வந்தவர் வாசலிலேயே திரும்பிப் போயிருப்பார்.

அடுத்து வந்தவர் ஸ்டீபன் கிரே. கேன்டர்பரிக்காரர், துணிக்குச் சாயம் போடும் தொழில். வயதான காலத்தில் லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்ற தர்மச் சத்திரத்தில் சோறும் இடமும் கிடைத்தன. 1729-இல் மின்சாரம் சணல் கயிற்றின் வழியாகப் பல நூறு அடி ஓடும், பட்டு நூலின் வழியாக ஓடாது என்று கண்டுபிடித்தார். சத்திரத்தோடு ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது கிரேக்கு வசதியாகப் போயிற்று. 1730-இல் ஒரு பையனைப் பிடித்து, உத்தரத்திலிருந்து மின்சாரம் ஓடாத கயிறுகளில் படுக்கைவாட்டில் தொங்கவிட்டு, தேய்த்த கண்ணாடிக் குழாயை அவனுக்கு அருகே காட்டினார். பையனின் முகத்தை நோக்கிப் பித்தளைத் தகட்டுத் துணுக்குகள் பறந்து வந்தன. அந்தக் காலத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் கிடையாது.

1733-இல் பாரிஸில் சார்ல்ஸ் டூஃபே, மின்சாரத்தில் இரண்டு சாதி உண்டு என்று அறிவித்தார்: கண்ணாடிச் சாதி, பிசின் சாதி. தன் சாதியைக் கண்டால் விலகும், அடுத்த சாதியைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். மனிதர்கள் செய்வதற்கு நேர் எதிராக இருந்ததால் ஐரோப்பாவுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

ஷாக் வாங்கியவர்கள்

1745-லும் 1746-லும் பொமெரேனியாவில் ஒருவரும் லேடன் நகரில் ஒருவரும் தனித்தனியாக ஒரே விபத்தில் சிக்கினார்கள். ஜாடியில் திரவம் ஊற்றி, அதற்குள் கம்பி விட்டு, மின்னூட்டம் ஏற்றினார்கள். ஒரு கையால் ஜாடியைப் பிடித்தபடி மறு கையால் கம்பியைத் தொட்டதும் உயிர் போய் வந்தது. லேடன் பேராசிரியர் முசென்புரூக், பிரான்ஸ் ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்தாலும் இன்னொரு தடவை தொடமாட்டேன் என்கிற தொனியில் பாரிஸுக்குக் கடிதம் போட்டார். ‘தொடாதே’ என்று எழுதினால் என்ன நடக்கும் என்பது பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐரோப்பா முழுவதும் தொட்டது.

பாதிரியார் நொல்லே இதை மொத்த வியாபாரமாக்கினார். வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயிக்கு எதிரே 180 காவல் வீரர்களைக் கைகோக்க வைத்து ஜாடியைத் தொட வைத்தார். 180 பேரும் ஒரே கணத்தில் துள்ளினார்கள். ராஜா ரசித்தார். அடுத்து சுமார் 200 துறவிகளைக் கம்பிகளால் இணைத்து நீளமாக நிற்க வைத்தார். அவர்களும் ஒன்றாக எழும்பினார்கள். விண்ணுலகம் போவதற்கென்றே உலகத்தைத் துறந்தவர்கள். நொல்லே அவர்களுக்கு அன்று ஒரு சாண் உயரத்துக்கு முன்பணம் கொடுத்தார்.

அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1750 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொல்ல ஏற்பாடு செய்தார். அப்படிக் கொன்றால் இறைச்சி மிருதுவாக இருக்கும் என்பது அவர் சித்தாந்தம். கவனக்குறைவாகக் கையை வைத்ததில் ஜாடிகளில் இருந்த மொத்தமும் அவர் உடம்பில் இறங்கிவிட்டது. நினைவு தப்பி, பிறகு மெல்லத் தெளிந்தார்.

இப்படித் தேய்த்தார்கள், துரத்தினார்கள், தொங்கவிட்டார்கள், துள்ள வைத்தார்கள். “இவ்வளவு தூரத்தில் வைத்தால் எவ்வளவு விசை?” என்ற மளிகைக்கடைக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்ட சிலரும் தராசு எங்கே என்று கைபிசைந்தார்கள். விசையோ எறும்பின் மூச்சு அளவு. அதை நிறுக்க எந்தக் கடையில் தராசு கிடைக்கும்?

வெள்ளிக் குவளையும் சோடா பாதிரியாரும்

தராசே இல்லாமல் பதிலைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருந்தது. அதைத் திறந்துவிட்டவர் அதே ஃபிராங்க்ளின். திறந்தது தெரியாமலே திறந்தார். 1755 வாக்கில் ஒரு வெள்ளிக் குவளைக்கு மின்னூட்டம் ஏற்றி, பட்டு நூலில் கட்டிய தக்கை உருண்டையை அதன் வெளிப்பக்கம் காட்டினார், இழுத்தது. உள்ளே இறக்கினார், குவளை அதைச் சட்டை செய்யவே இல்லை. அடியைத் தொட வைத்து எடுத்துப் பார்த்தாலும் தக்கையில் மின்னூட்டம் ஏறியிருக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்று நேர்மையாக எழுதி வைத்துவிட்டார்.

பத்துப் பதினோரு ஆண்டு கழித்து இந்தப் புதிரைத் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லியிடம் தள்ளிவிட்டார். பிரீஸ்ட்லி பாதிரியார். பின்னாளில் தண்ணீரில் கரியமில வாயுவை ஏற்றி உலகத்துக்குச் சோடா கொடுத்தவர். அவர் சோதனையைச் செய்து பார்த்து, 1767-இல் மின்சாரத்தின் வரலாற்றை எழுதும்போது, இது நியூட்டன் சொன்ன ஈர்ப்பு விசை மாதிரியே தூரத்தின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருக்க வேண்டும் என்று போகிற போக்கில் ஓர் ஊகத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

வெற்றுக் குவளையிலிருந்து இதை எப்படிப் பிடித்தார்? ஒரு பெரிய உள்ளீடற்ற உருண்டைக்குள் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நட்ட நடுவில் வேண்டாம், கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள். முன்னால் சுவர் கிட்டே இருக்கிறது, பின்னால் சுவர் தூரத்தில் இருக்கிறது. கையில் ஒரு டார்ச் லைட்டைப் பிடித்து முன்னால் ஒரு வட்டம், பின்னால் ஒரு வட்டம் வெளிச்சம் போடுங்கள். பின்சுவர் மூன்று மடங்கு தள்ளி இருந்தால் அங்கே விழும் வட்டத்தின் பரப்பு ஒன்பது மடங்கு. ஆகவே அங்கே மின்னூட்டமும் ஒன்பது மடங்கு. ஆனால் தூரத்தால் விசை ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டும் அடித்துக்கொண்டு போக, முன்சுவர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவே பின்சுவரும் தள்ளும். எல்லாத் திசையிலும் இதே கதை. ஆகவே உள்ளே மொத்த விசை பூஜ்ஜியம். நியூட்டன் 1687-லேயே ஈர்ப்பு விசைக்கு இதைக் காட்டியிருந்தார். விசை இருமடியில் குறைந்தால்தான் கணக்கு இப்படிச் சரியாகத் தீரும். 2 என்பது 2.1 ஆனாலும் 1.9 ஆனாலும் பாக்கி நிற்கும்.

அதாவது, உள்ளே ஒன்றுமில்லை என்பதே வெளியே உள்ள விதிக்குச் சாட்சி. ‘ஒன்றுமில்லை’யை வைத்துக்கொண்டு ஒரு விதியைப் பிடிப்பது அத்வைதிகளுக்குக்கூடப் பொறாமை தரக்கூடிய விஷயம்.

1769-இல் ஸ்காட்லாந்தில் ஜான் ராபிசன் என்பவர், விலக்கு விசையைப் புவியீர்ப்போடு மோதவிட்டு நேரடியாகவே அளந்தார். 2.06 என்று வந்தது. கொஞ்சம் தட்டிக்கொட்டினால் 2. அளந்தவர் அதை அச்சில் ஏற்ற முப்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார். அதற்குள் பந்தி முடிந்து இலையே எடுத்துவிட்டார்கள்.

குடத்துக்குள் விளக்கு

இனி கதாநாயகன். ஹென்றி கேவண்டிஷ், 1731-இல் பிறந்தவர், பிரபு வம்சம். அறிஞர்களில் பெரிய பணக்காரர் இவர், பணக்காரர்களில் பெரிய அறிஞரும் இவர் என்ற பொருளில் பிரெஞ்சு விஞ்ஞானி பியோ இவரைப் பற்றிச் சொன்னார். பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மலைபோல் பணம் கிடந்தது. போட்டுக்கொண்டது பழைய காலத்துக் கசங்கிய கோட்டு. விருந்துக்கு ஆள் வருகிறார்கள் என்றால் சமையலுக்கு எப்போதும் ஒரே உத்தரவு: ஆட்டுத்தொடை ஒன்று. “ஒன்று போதாதே ஐயா” என்று வேலைக்காரர் கேட்டதற்கு, “அப்படியென்றால் இரண்டு” என்றாராம். கற்பனைச் சக்தி முழுவதும் விஞ்ஞானத்துக்குப் போய்விட்டதால் சமையலுக்கு மிச்சமில்லை.

கேவண்டிஷுக்கு மனிதர்களைக் கண்டால் கூச்சம், பெண்களைக் கண்டால் பீதி. வேலைக்காரப் பெண்களுக்கு உத்தரவெல்லாம் துண்டுச்சீட்டில்தான். ஒருநாள் மாடிப்படியில் ஒரு பணிப்பெண் எதிரே வந்துவிட, வீட்டுக்குப் பின்னால் தனியாக இன்னொரு படிக்கட்டுக் கட்டிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. ஒரே இன மின்னூட்டங்கள் விலகும் என்பதுதான் விதி. கேவண்டிஷ் எல்லா இனத்தையும் விலக்கினார்.

இந்த மனிதர் 1772, 73 வாக்கில் ஃபிராங்க்ளினின் குவளையை எடுத்து, அதைச் சட்டென்று அசல் சோதனையாக மாற்றினார். 12.1 அங்குல விட்டமுள்ள ஓர் உருண்டை. மேலே ஈயத்தாள் ஒட்டியது. அதைக் கண்ணாடித் தண்டில் நிறுத்தினார். அதைச் சுற்றி மூடும்படி 13.3 அங்குல விட்டத்தில் அட்டையால் செய்த இரண்டு அரைக்கோளங்கள், அவற்றுக்கும் ஈயத்தாள். இரண்டையும் மரச்சட்டங்களில் பொருத்தி, அலமாரிக் கதவு மாதிரி திறந்து மூட வசதி செய்தார். உள் உருண்டையையும் வெளிக்கூட்டையும் ஒரு கம்பியால் தொடர்புபடுத்தி, லேடன் ஜாடியால் வெளிக்கூட்டுக்கு மின்னூட்டம் ஏற்றினார். பட்டு நூலைச் சுண்டிக் கம்பியை உருவினார். கதவைத் திறந்தார். உள் உருண்டையின் அருகே, மின்னூட்டம் இருந்தால் விலகிக் காட்டும் ஒரு ஜோடி நெட்டிப்பந்துகளைக் கொண்டுபோனார்.

நெட்டிப்பந்துகள் அசையவில்லை. ஒன்றுமில்லை.

நாமாக இருந்தால் “ஒன்றுமில்லை” என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போயிருப்போம். கேவண்டிஷ் இன்னொரு கேள்வி கேட்டார்: எவ்வளவு சிறிய மின்னூட்டம் இருந்திருந்தால் இந்த நெட்டிப்பந்துகள் காட்டிக் கொடுத்திருக்கும்? வெளிக்கூட்டில் இருப்பதில் அறுபதில் ஒரு பங்கு இருந்தாலே தெரிந்திருக்கும் என்று சோதித்து அறிந்தார். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அந்த 2 என்ற எண்ணில் பிழை இருந்தால் ஐம்பதில் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று முடித்தார். 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே. கூலூம் தராசைக் கையில் எடுப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு.

பிறகு என்ன செய்தார்? காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஊமை கண்ட கனவு. மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லாததால் தன் உடம்பையே கருவியாக வைத்து, ஷாக் எவ்வளவு பலமாக ஏறுகிறது என்று உணர்ந்து உணர்ந்து, பின்னாளில் ஓம் விதி என்று பெயர் பெறப்போகும் சங்கதியைக்கூட ஏறக்குறையப் பிடித்துவிட்டார். அந்தத் தாளும் உள்ளே போயிற்று. 1810-இல் அவரும் போனார். குடத்துக்குள் விளக்கு என்று நம்மூரில் சொல்வது உவமைக்கு. கேவண்டிஷ் உண்மையாகவே உருண்டைக்குள் உருண்டை வைத்துக் கண்ட வெளிச்சத்தைக் குடத்துக்குள்ளேயே மூடி வைத்தார்.

குன்றின்மேல் கூலூம்

கூலூம் 1736-இல் பிரான்ஸின் அங்குலேம் நகரில் பிறந்தவர். படித்து ராணுவ இன்ஜினியர் ஆனார். 1764-இல் கரீபியன் கடலிலிருக்கும் மார்டினிக் தீவுக்கு அனுப்பி, கோட்டை கட்டச் சொன்னார்கள். எட்டு ஆண்டுகள் அங்கே கோட்டை வளர்ந்தது, அவர் உடம்பு கெட்டது. அந்த அனுபவத்திலிருந்து, சுவர் எப்போது சரியும், மண் எப்படித் தள்ளும் என்று 1773-இல் பாரிஸ் அறிவியல் அகாடமிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். சிவில் இன்ஜினியரிங் மாணவர்கள் இன்றும் அதற்காகத் தனியே அவரை வைகிறார்கள். அப்புறம் ரோஷஃபோர் கப்பல் துறையில் உராய்வை ஆராய்ந்து 1781-இல் பரிசு வாங்கினார். அதே ஆண்டு அகாடமியில் இடமும் கிடைத்தது.

1783-இல் பிரிட்டனி வட்டாரத்தில் கால்வாய், துறைமுகத் திட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை தரும் குழுவில் போட்டார்கள். காசுக்கு ஏற்ற திட்டம் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். பலன், ஒரு வாரம் சிறை. அரசாங்கத் திட்டத்தைத் தணிக்கை செய்யும் இன்ஜினியர்கள் இந்தப் பத்தியைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரத்துக்கு அவர் வந்தது நேர் வழியில் இல்லை, திசைகாட்டி முள் வழியாக. நல்ல காந்த முள்ளைச் செய்வது எப்படி என்ற போட்டியில், முள்ளை ஊசி முனையில் நிறுத்தாமல் நூலில் தொங்கவிடுங்கள் என்று சொல்லி 1777-இல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். தொங்குகிற நூல் முறுக்கிக்கொண்டால் திரும்ப நிமிர எவ்வளவு பலம் காட்டும் என்ற கேள்வி அவரை விடவில்லை. நூலை விட்டு உலோகக் கம்பிக்கு வந்தார். 1784-இல் பதில்: எத்தனை பாகை முறுக்குகிறோமோ அதற்கு நேர்த்தகவில் கம்பி எதிர்க்கும். இருமடங்கு முறுக்கினால் இருமடங்கு எதிர்ப்பு. எறும்பின் மூச்சை நிறுக்கும் தராசு கிடைத்துவிட்டது.

1785-இல் அந்த முறுக்குத் தராசைக் கட்டினார். ஓர் அடி உயரம், ஓர் அடி விட்டமுள்ள கண்ணாடி உருளை. அதன் மேல் மூடியில் இரண்டு அடிக் கண்ணாடிக் குழாய். குழாயின் உச்சியிலிருந்து முடியினும் மெல்லிய வெள்ளிக் கம்பி. கம்பியின் நுனியில் அரக்குப் பூசிய மெல்லிய தண்டு படுக்கைவாட்டில் தொங்கும். அதன் ஒரு முனையில் நெட்டிப்பந்து. அதைத் தொட்டுக்கொண்டு அசையாத இன்னொரு நெட்டிப்பந்து. மின்னூட்டம் ஏற்றிய குண்டூசியால் இரண்டையும் தொட்டால் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், பிறகு பங்காளிகள் மாதிரி விலகும். உச்சியிலுள்ள திருகைத் திருப்பி, கம்பியை முறுக்கி, விலகியவர்களை மறுபடி நெருங்க வைக்கலாம். எவ்வளவு நெருங்கினார்கள், அதற்கு எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதைப் படிக்க வேண்டியதுதான் பாக்கி.

படித்தார். முதலில் பந்துகள் தாமாகவே 36 பாகை விலகின. கம்பியில் முறுக்கு 36. திருகை 126 பாகை திருப்பினார். பந்துகள் 18 பாகைக்கு நெருங்கின. மொத்த முறுக்கு 126-உம் 18-உம் சேர்ந்து 144. தூரம் பாதி, விசை நான்கு மடங்கு. பேஷ். பிறகு திருகை 567 பாகை, அதாவது ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திருப்பினார். பந்துகள் எட்டரைப் பாகையில் நின்றன. மொத்த முறுக்கு 575.5. முப்பத்தாறைப் பதினாறால் பெருக்கினால் 576. தூரம் கால் பங்கு, விசை பதினாறு மடங்கு. விதி நிரூபணம்!

கொஞ்சம் பொறுங்கள். முப்பத்தாறில் கால் பங்கு 9 அல்லவா? கிடைத்ததோ எட்டரை. விதியை அப்படியே நம்பினால் எட்டரைப் பாகையில் முறுக்கு 645-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். சோதனை நடக்கும்போதே மின்னூட்டம் கொஞ்சம் ஈரக் காற்றில் கசிந்துவிட்டது, அரைப் பாகைதானே என்றார் கூலூம். ஐரோப்பா தலையாட்டியது. உலகத்தையே கட்டிப்போட்ட ஒரு விதிக்கு அவர் அச்சில் காட்டியவை மூன்றே மூன்று அளவீடுகள். அதில் ஒன்றுக்குச் சமாதானம் வேறு. நம் கல்லூரியில் இதைக் கொடுத்தால் லேப் அசிஸ்டென்டே “இன்னும் மூன்று ரீடிங் எடுத்துட்டு வா தம்பி” என்று திருப்பி அனுப்புவார்.

ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஹீரிங், இதே மாதிரி தராசைச் செய்து சோதித்து, கூலூம் சொன்ன விடை வரவில்லை என்று 1992-இல் எழுதினார். பக்கத்தில் போய் நின்றாலே சோதிப்பவர் உடம்பிலிருக்கும் மின்னூட்டம் தண்டைக் கலைத்துவிடுகிறது. கூலூம் மனக்கணக்காகவே எழுதிவிட்டாரோ என்ற சந்தேகம் கிளம்பியது. 2006-இல் ஆல்பெர்டோ மார்டினெஸ், கூலூம் எழுதியபடியே கவனமாகக் கட்டிப் பார்த்து, அதே மாதிரி எண்கள் வரத்தான் செய்கின்றன என்று காட்டினார். இருநூறு ஆண்டு கழித்துக் கூலூமுக்கு ஜாமீன் கிடைத்தது.

ஈர்ப்பை இப்படி அளக்க முடியவில்லை. வேறு இனப் பந்துகள் கொஞ்சம் நெருங்கியதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. காதலர்களைத் தராசில் நிறுக்க முடியாது. அதனால் அவர் மின்னூட்டம் ஏறிய ஒரு சிறு தட்டை ஊஞ்சலாட விட்டு, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதிலிருந்து விசையைக் கணக்கிட்டார். ஒரே அளவுள்ள இரண்டு உருண்டைகளைத் தொட வைத்தால் மின்னூட்டம் சரிபாதியாகும் என்பதையும் காட்டினார். விசை இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்ற பகுதியை மட்டும் தனியாக நிரூபிக்க மெனக்கெடவில்லை. சொல்லவும் வேண்டுமா என்று விட்டுவிட்டார். 1785-இல் தொடங்கி ஆறேழு ஆண்டுகளில் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி ஏழு கட்டுரைகள். ஏழும் அகாடமியில் படிக்கப்பட்டன, ஏழும் அச்சேறின. அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

எதிர்த்தகவில் உயிர் தப்பியது

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793 ஆகஸ்டில் அகாடமியைக் கலைத்தார்கள். டிசம்பரில், மீட்டரும் கிலோகிராமும் வகுத்துக்கொண்டிருந்த கமிஷனிலிருந்து கூலூம், சக விஞ்ஞானிகளான லாப்லாஸ், லவாய்சியே உட்பட ஆறு பேரை நீக்கினார்கள். காரணம், குடியரசுப் பற்றும் ராஜாக்கள் மேல் வெறுப்பும் போதவில்லை. வெறுப்பை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று தெரியவில்லை. கூலூமின் தராசை இரவல் கேட்டதாகத் தகவல் இல்லை.

கூலூம் தன் விதியைத் தானே பரீட்சித்துப் பார்த்தார். பாரிஸை விட்டு, புளுவா அருகே இருந்த தன் நிலத்துக்குப் போய்விட்டார். தூரம் கூடக் கூட ஆபத்து இருமடியில் குறையும் அல்லவா? பாரிஸிலேயே இருந்த லவாய்சியேயின் தலையை 1794 மே 8-ஆம் தேதி வெட்டினார்கள். கூலூமின் தலை கழுத்திலேயே இருந்தது. ஊர் அடங்கியதும் திரும்பி வந்தார், மரியாதைகள் பெற்றார், 1806-இல் படுக்கையில் இறந்தார்.

குடம் உடைந்தது

கேவண்டிஷின் காகிதங்கள் குடும்பச் சொத்தோடு சொத்தாகக் கிடந்தன. அவர் வம்சத்தைச் சேர்ந்த டெவன்ஷயர் பிரபு கேம்பிரிட்ஜுக்குப் பணம் கொடுத்து ஆய்வுக்கூடம் கட்டினார். அதற்குக் கேவண்டிஷ் பெயர். அதன் முதல் பேராசிரியர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்காந்தவியலுக்கே சமன்பாடு எழுதிய மனிதர், தன் கடைசி ஆண்டுகளில் இந்தப் பழைய தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோதனைகளை மறுபடி செய்து பார்த்தார். உருண்டைக்குள் உருண்டையை இன்னும் நுட்பமாகச் செய்து, பிழை 21,600-இல் ஒன்றுக்குக் கீழே என்று காட்டினார். 1879-இல் புத்தகம் வெளிவந்தது. சில வாரங்களில் மாக்ஸ்வெல் காலமானார். கேவண்டிஷ் சோதனை செய்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஆனால் மேளம் கொட்டித் தாலி கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளையை மாற்ற முடியுமா? இரண்டே ஆண்டில், 1881-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு மின்னூட்டத்தின் அலகுக்குக் கூலூம் என்றே பெயர் வைத்தது. ஒரு கூலூம் என்பது கேட்க ஏதோ கால் கிலோ மாதிரி இருக்கிறது. இரண்டு உருண்டைகளில் தலா ஒரு கூலூம் ஏற்றி ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், விலக்கு விசை சுமார் 9 லட்சம் டன் எடைக்குச் சமம். ஈஃபில் கோபுரத்தின் மொத்த எடை சுமார் 10,000 டன். அந்தக் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் கூலூமின் பெயரும் உண்டு. அவருடைய ஒரு கூலூம், அவருடைய பெயரைத் தாங்கும் கோபுரத்தைப்போலத் தொண்ணூறு கோபுரத்தைத் தூக்கும்.

இன்னும் ஒரு சங்கதி பாக்கி. இந்த விதியைத் துல்லியமாகச் சோதிக்க விரும்பும் எவரும் இன்று முறுக்குத் தராசைத் தொடுவதில்லை. கூட்டுக்குள் கூடு வைத்து, வெளியே மின்னூட்டம் ஏற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்க்கிறார்கள். 1971-இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் என்ற மூவர் அப்படிப் பார்த்து, அந்த 2 என்ற எண் தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து இலக்கம் வரை 2-ஆகவே இருக்கிறது என்று சொன்னார்கள். வழி முழுக்கக் கேவண்டிஷின் வழி.

பரீட்சையில் மட்டும் கூலூம் என்றே எழுதுங்கள். கேவண்டிஷ் என்று எழுதினால் அந்த இரண்டு மதிப்பெண்ணும் கிடைக்காது.